சாஸ் கிண்டுவதற்கு ஒரு தனி ஆளா?

ஓர் அக்கா கேட்டிருந்தார்: தம்பி லண்டனில் ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரண்ட் கிச்சனில் இரண்டு வருடமாக இருக்கிறான், இதுவரை காய்கறி செக்ஷன், அடுத்த மாதத்திலிருந்து சாஸ் செக்ஷனுக்கு மாற்றுகிறார்களாம். "சாஸ் கிண்டுவதற்கு ஒரு தனி ஆளா? இது முன்னேற்றமா, இல்லை ஓரங்கட்டுகிறார்களா? அங்கே என்னதான் வேலை?" நான் அதே ஊரில் அந்த மாதிரி கிச்சன்களில் பதினொரு வருடம் இருந்திருக்கிறேன், அதில் நாலு வருடம் சாஸில் நின்றவன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முன்னேற்றம்தான் அக்கா. தாராளமாக நாலு பேருக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுங்கள். சாஸ் என்றதும் நமக்கு பஜ்ஜிக்குப் பக்கத்தில் வைக்கும் சிவப்பு பாட்டில் ஞாபகம் வந்துவிடுகிறது, அதனால்தான் இந்தக் குழப்பம். பிரெஞ்சு கிச்சனில் சாஸ் போடுகிறவருக்கு 'சாஸியே' என்று பெயர், ஸூ ஷெஃப்புக்கு (தலைமை ஷெஃப்புக்கு அடுத்த இடத்தில் இருப்பவர்) அடுத்த மரியாதை பெரும்பாலும் அவருக்குத்தான். இந்த அடுக்கு முறையை ஒழுங்குபடுத்தியவர் ஓகுஸ்ட் எஸ்கோஃபியே. 1870 பிரான்ஸ்-பிரஷ்யப் போரில் ராணுவத்துக்குச் சமைத்தவர், 1890-ல் லண்டன் சவாய் ஓட்டலுக்கு வந்தார். ஒரே ஆள் ஒரு தட்டை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை செய்துகொண்டிருந்தால் கூட்டம் சமாளிக்க முடியாது என்று பட்டாளம் மாதிரி வேலையைப் பிரித்தார். மீனுக்கு ஒருவர், சுடுவதற்கு ஒருவர், காய்க்கு ஒருவர், சாஸுக்கு ஒருவர். நம் கல்யாண சமையலில் காய் நறுக்க, தேங்காய் துருவ, பூரி போட ஆயிரம் பேர் இருந்தாலும் சாம்பாரின் உப்பு புளியை மாஸ்டர்தானே வந்து பார்ப்பார்? அதே கதை. இறைச்சியை எல்லாரும் ஒரே கடையில்தான் வாங்குகிறார்கள், ஒரே அடுப்பில்தான் வதக்குகிறார்கள். இந்த ரெஸ்டாரண்ட், அந்த ரெஸ்டாரண்ட் என்று பிரித்துக் காட்டுவது தட்டில் ஊற்றுகிற அந்த ரெண்டு ஸ்பூன்தான்.

இன்னொரு விஷயம். இன்றைக்கு லண்டனில் 'சாஸ் செக்ஷன்' என்றால் பெரும்பாலான இடங்களில் இறைச்சி செக்ஷனும் அதுதான். வாத்து நெஞ்சுக்கறி, ஆட்டு முதுகுக்கறி, ஸ்டேக் எல்லாம் உங்கள் தம்பிதான் வாட்டி, ஆறவிட்டு, வெட்டித் தட்டில் வைப்பான். ஒரு வாணலியில் கறியை வாட்டி எடுத்ததும் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் பாருங்கள், அதில் ஒயினோ ஸ்டாக்கோ (எலும்பை வேகவைத்து வடித்த சாறு) ஊற்றிச் சுரண்டுவதிலிருந்துதான் பாதி சாஸ் தொடங்குகிறது. அதனால் கறியையும் சாஸையும் ஒரே ஆளிடம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவன் வெறும் கரண்டியோடு நிற்கப் போவதில்லை என்பதை அவனுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வேலையில் முக்கால்வாசி எலும்பு.

காலையில் போனதும் முதல் காரியம் அடுப்பை 200 டிகிரிக்கு ஏற்றி எலும்புத் தட்டுகளை உள்ளே தள்ளுவது. நாங்கள் ஒரு தடவைக்கு 20 கிலோ இளங்கன்று எலும்பு போடுவோம், அதோடு இரண்டு மூன்று கால்கள். கால் எதற்கு என்றால் ஆட்டுக்கால் பாயா குடித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், உதடு ஒன்றோடொன்று ஒட்டும் இல்லையா, அந்தப் பிசுக்குக்காகத்தான். மூட்டிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் மணிக்கணக்கில் வெந்நீரில் கிடந்து ஜெலட்டினாக மாறுகிறது. மாவே சேர்க்காமல் சாஸ் கெட்டியாக இருப்பதும் நாக்கில் பட்டுப்போல் வழுக்குவதும் அதனால்தான். எலும்பு நல்ல பழுப்பாக வந்ததும் பெரிய பாத்திரத்தில் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொதிநீர் ஊற்றினால் புரதம் சட்டென்று உறைந்து நுண்ணிய தூளாகக் கலங்கிவிடும், மெதுவாகச் சூடேறினால் நுரையாக மேலே திரண்டு வரும், வழித்து எறிந்துவிடலாம். அப்புறம் வெங்காயம், கேரட், செலரி, இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வறுத்தது, கொஞ்சம் தக்காளி விழுது, மிளகு, தைம், பிரிஞ்சி இலை. எட்டு மணி நேரமாவது அப்படியே கிடக்கும். கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு குமிழி வந்து உடைந்து, ஒரு மூச்சு விட்டு அடுத்த குமிழி வர வேண்டும், அவ்வளவுதான் தீ. தளதளவென்று கொதித்தால் மேலே மிதக்கும் கொழுப்பு உடைந்து உள்ளே போய்க் கலந்து ஸ்டாக் முழுக்கக் கலங்கல், வாயில் வழவழவென்று ஒரு அசிங்கமான எண்ணெய்ப் பசை.

இதில் உப்பு போடுவதில்லை. ஏன் என்பது கணக்கு. 35 லிட்டர் தண்ணீரில் ஆரம்பித்து, வடிகட்டினால் 20 லிட்டர் சொச்சம், அதை ஒயின், வெங்காயத்தோடு சுண்டக் காய்ச்சினால் கடைசியில் கையில் நிற்பது நாலரை, ஐந்து லிட்டர் ஜூ, அதாவது சுண்டிய கறிச்சாறு. வடிகட்டும்போது சரியாக இருந்த உப்பு கடைசியில் நாலு மடங்கு. ஒரு புதுப் பையன் நல்லெண்ணத்தில் ஸ்டாக்கை ருசி பார்த்துவிட்டு 'சப்பென்று இருக்கிறதே' என்று ஒரு கைப்பிடி போட்டுவிட்டான், இரண்டு நாள் வேலை சாக்கடைக்குப் போனது. அவனைத் திட்டவும் முடியவில்லை. நம் வீட்டில் அப்படித்தானே சமைக்கிறோம்.

சாஸில் நிற்கிற ஒரு தமிழனுக்கு இருக்கும் பெரிய சிக்கலே அந்த 'நம் வீட்டில்'தான். வத்தக்குழம்பு சுண்டி ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் அம்மா இறக்கிவிடுவார், அதுதான் பதம். கறிக் குழம்பிலும் அப்படித்தான், எண்ணெய் மிதந்தால் மசாலா வெந்துவிட்டது என்று அர்த்தம், பார்க்கவும் அழகு. சாஸ் செக்ஷனில் எண்ணெய் பிரிந்தால் தோற்றுவிட்டாய் என்று அர்த்தம். வெண்ணெய் சேர்க்கும் சாஸை அடுப்பை விட்டு இறக்கி, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு வாணலியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே கரைக்க வேண்டும். கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத துளிகளாகச் சாற்றோடு கட்டுண்டு நிற்கும், சாஸ் கண்ணாடி மாதிரி மின்னும். அதை மறுபடி ஒரு கொதி விட்டால் தீர்ந்தது, கட்டு விட்டு மஞ்சளாக எண்ணெய் மேலே வந்து நிற்கும். முதல் மாதம் என் கண்ணுக்கு அந்த எண்ணெய் தப்பாகவே படவில்லை! ஷெஃப் தட்டைத் திருப்பி அனுப்பிய பிறகும் 'நல்லாத்தானே இருக்கு' என்றுதான் மனசுக்குள் நினைத்தேன். நாக்கைப் பழக்குவதைவிட அந்தக் கண்ணைப் பழக்குவதற்கு எனக்கு அதிக நாள் ஆனது.

ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் கைகொடுப்பதும் உண்டு. பாகு காய்ச்சத் தெரிந்தவனுக்கு ரிடக்ஷன், அதாவது சாஸைச் சுண்ட வைப்பது, தெரியும். நான் புத்தகத்தில் படித்ததைவிட அதிரசத்துக்குப் பாட்டி வெல்லப்பாகு பார்த்ததிலிருந்துதான் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். ஜூ சுண்டும்போது முதலில் குமிழிகள் சின்னதாக, வேகமாக, சளசளவென்று தண்ணீர்ச் சத்தத்தோடு வரும். பாதிக்கு மேல் சுண்டியதும் குமிழி பெரிதாகும், மேல்தோல் பளபளக்கும், உடைவதற்கு முன் ஒரு கணம் தயங்கும். சத்தமும் மாறும், பொளக், பொளக் என்று கனமாக. அங்கேயிருந்து கருகுவதற்கு இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கிறது. கரண்டியின் முதுகில் எடுத்து விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். சூட்டில் இளகித் தெரிவது தட்டில் ஆறியதும் கெட்டிப்படும், அதனால் ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த தட்டில் விட்டுச் சாய்த்துப் பார்ப்பேன். பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது போலத்தான்.

இவ்வளவு பேசுகிற நான் ஒரு சனிக்கிழமை ஐந்து லிட்டர் ஜூவைத் தாராகக் காய்ச்சியவன். மாலை ஐந்தரை மணி, சர்வீஸ் (வாடிக்கையாளருக்குப் பரிமாறும் நேரம்) ஆறுக்கு. மீன் செக்ஷன் பையனுக்கு விரலில் வெட்டு, 'ரெண்டு நிமிஷம் இதைப் பார்' என்றார்கள், போனேன். இரண்டு நிமிடம் எட்டு ஆனது. திரும்பி வரும்போது சத்தம் காதில் விழுவதற்கு முன் வாடை வந்தது. ஜெலட்டின் கருகும் வாடை மயிர் பொசுங்கும் வாடை மாதிரி இருக்கும், ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது. அடி மட்டும்தானே பிடித்திருக்கிறது, மேலாக எடுத்து ஸ்டாக் விட்டு விளாவிவிடலாம் என்று பார்த்தேன். ஷெஃப் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு ஸ்பூனை எடுத்து என் கையில் கொடுத்து நீயே ருசித்துப் பார் என்பது போல் நின்றார். கசப்பு. உப்பு கூடினால் விளாவலாம், புளிப்பு கூடினால் வெண்ணெயால் மறைக்கலாம், கசப்பை ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கு ஃப்ரீசரில் இருந்த அவசரக் கையிருப்பை இளக்கி ஓட்டினோம், அன்றிலிருந்து இரண்டு லிட்டர் எப்போதும் உறைய வைத்திருப்பேன். தம்பியிடமும் சொல்லுங்கள்: வேறு யார் கூப்பிட்டாலும் முதலில் தீயை அணைத்துவிட்டுப் போகட்டும். அணைத்த அடுப்பை மறுபடி பற்ற வைக்க மூன்று விநாடி போதும்.

சர்வீஸ் நேரம் வேறு உலகம். காலையெல்லாம் பொறுமை, மாலையில் ஓட்டம். பாஸில், அதாவது தட்டுகள் வெளியே போகும் மேடையில், நிற்கிறவர் செக்கை (ஆர்டர் சீட்டை) வாசிப்பார், 'இரண்டு வாத்து, ஒரு ஸ்டேக் மீடியம் ரேர்', நீங்கள் 'வுய்' (பிரெஞ்சில் 'ஆம்') என்று கத்த வேண்டும், கத்தவில்லை என்றால் காதில் விழவில்லை என்று பொருள். இறைச்சி வெந்ததும் உடனே வெட்டக் கூடாது, ஆற வேண்டும், அந்த ஐந்தாறு நிமிடத்தில்தான் சின்ன வாணலியில் ஒரு கரண்டி ஜூ, சூடாக்கி, வெண்ணெய் போட்டு, உப்பு பார்த்து, ரெண்டு சொட்டு வினிகர். இந்தக் கடைசி இரண்டு சொட்டு புளிப்பை நம் ஆட்கள் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள், ரசத்தில் புளி குறைந்தால் வரும் மந்தம் நமக்குத் தெரியும் அல்லவா. ஒவ்வொரு தட்டுக்கும் புது ஸ்பூன், ருசி பார்த்த ஸ்பூன் திரும்ப சாஸில் போகக் கூடாது. ஓர் இரவில் நூறு தடவைக்கு மேல் ருசி பார்ப்பீர்கள், ஒன்பது மணிக்கு மேல் நாக்கு மரத்து உப்பு தெரியாது, கை தானாக அதிகம் போடும். நான் நடுநடுவே வெறும் வெந்நீர் குடிப்பேன். சந்தேகமாக இருந்தால் பக்கத்துச் செக்ஷன் ஆளிடம் ஸ்பூனை நீட்டுவேன், அதில் வெட்கம் கிடையாது.

ஹாலந்தேஸ், பேர்னேஸ் மாதிரி முட்டை மஞ்சள்கரு சாஸ்கள் தனித் தலைவலி. மஞ்சள்கருவை வெந்நீருக்கு மேல் வைத்து அடித்து, உருக்கிய வெண்ணெயை நூலாக விட வேண்டும். 70 டிகிரியைத் தாண்டினால் முட்டைப் பொரியல், ரொம்ப ஆறவிட்டால் வெண்ணெய் உறைந்து கட்டு விடும். திரிய ஆரம்பித்தால் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு ஓரத்திலிருந்து அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும், சேராவிட்டால் வேறு கிண்ணத்தில் புது மஞ்சள்கரு எடுத்து, திரிந்ததைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டு அடிக்க வேண்டும். பிரச்சினை ருசி மட்டுமல்ல. பிரிட்டனில் சூடாக வைக்கும் உணவு 63 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. இந்த சாஸை 63-ல் பிடித்து வைப்பது நடைமுறையில் முடியாத காரியம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, நேரத்தை டேப்பில் எழுதி ஒட்டி, இரண்டு மணி நேரம் ஆனதும் கொட்டிவிட வேண்டும். மனசு வராது. கொட்டித்தான் ஆக வேண்டும்.

ஸ்டாக்கும் அப்படித்தான். வடிகட்டிய 20 லிட்டரை அப்படியே மூடி வாக்-இன் ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுவில் ராத்திரி முழுக்கச் சூடு இருக்கும், காலையில் திறந்தால் புளித்த வாடையும் நுரையும். கொதித்தாலும் சாகாத விதைகளாக உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாக்கள் உண்டு, கறிச்சாற்றில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்பது அதில் பெயர் போனது, அதற்கு இந்த வெதுவெதுப்பு தாய்வீடு. நாங்கள் ஆழமில்லாத தட்டுகளில் ஊற்றி, பிளாஸ்ட் சில்லர் என்ற வேகமாகக் குளிர்விக்கும் இயந்திரத்தில் 90 நிமிடத்துக்குள் 8 டிகிரிக்குக் கீழே கொண்டுவருவோம். அந்த இயந்திரம் இல்லாத கிச்சனில் சிங்கில் ஐஸ் நிரப்பி, பாத்திரத்தை நிற்க வைத்து, கிண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இரவு பன்னிரண்டரைக்கு இந்த வேலை வரும்போது யாருக்கும் பிடிக்காது.

கேட்டரிங் கல்லூரியில் 'ஐந்து தாய் சாஸ்' என்று மனப்பாடம் செய்திருப்பான்: பெஷமெல், வெலூத்தே, எஸ்பான்யோல், தக்காளி, ஹாலந்தேஸ். தெரிந்திருப்பது நல்லது, ஆனால் போன உடனே எஸ்பான்யோல் (மாவு போட்டுக் கெட்டியாக்கும் பழுப்பு சாஸ்) எங்கே என்று தேட வேண்டாம். 1973 வாக்கில் கோ, மியோ என்ற இரண்டு பிரெஞ்சு உணவு விமர்சகர்கள் 'புதுச் சமையல்' என்று கொடி பிடித்து, மாவு போட்டுக் கெட்டியாக்கிய பழுப்பு சாஸ்களை ஒதுக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஜூவும் வெண்ணெய் சாஸும் மேலே வந்துவிட்டன. பதினொரு வருடத்தில் நான் எஸ்பான்யோலை வேலைக்காகச் செய்தது ஒரு தடவைகூட இல்லை. பெஷமெல் மட்டும் சாகாது, அதை ஒழுங்காகச் செய்கிறவர்கள்தான் குறைவு. ஒரு லிட்டர் பாலுக்கு 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா, இருபது நிமிடமாவது சின்னத் தீயில் வேக வேண்டும். கெட்டியானதும் இறக்கிவிடுகிறார்கள், பச்சை மாவு வாடை அப்படியே நிற்கும். நம் வீட்டில் கூழில் பச்சை வாடை அடித்தால் விடுவார்களா?

அலர்ஜி விஷயத்தில் அவன் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அதில் பால், முட்டை, கடுகு, செலரி, ஒயினில் இருக்கும் சல்ஃபைட், மாவின் குளூட்டன் என்று பாதி சாஸ் செக்ஷனில்தான் இருக்கிறது. தட்டில் செலரியே கண்ணில் படாது, ஆனால் ஸ்டாக்கில் இருக்கிறது. சர்வர் ஓடிவந்து 'இதில் செலரி உண்டா' என்று கேட்டால், யோசித்துச் சொல்வதாக இருக்கக் கூடாது, எழுதி வைத்ததைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதே மாதிரி சைவம் என்று கேட்பவருக்கும் ஒயின் வேண்டாம் என்பவருக்கும் எந்த சாஸ் போகலாம் என்பது அவனுக்குத்தான் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: மாடு சாப்பிடாத வீட்டுப் பிள்ளை என்றால் இந்த செக்ஷனில் ருசி பார்க்காமல் தப்பிக்க முடியாது. துப்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கோழி ஜூ மட்டும் போடும் இடமாகத் தேடிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அவன் முடிவு, முன்கூட்டியே ஷெஃப்பிடம் பேசிவிடுவது நல்லது.

நேரம் மோசம்தான். அங்கே சட்டப்படி வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம், ஆனால் விருப்பப்பட்டால் அதைத் தாண்டி வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம், அந்தக் காகிதம் பல இடங்களில் சேரும் நாளே மற்றக் காகிதங்களோடு சேர்ந்து வரும். படிக்காமல் போடுவான், நானும் போட்டேன். சாஸில் இருப்பவன் ஸ்டாக்குக்காக முதலில் வந்து, ஆற வைப்பதற்காகக் கடைசியில் போவான். சம்பளம் ஏறுகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள், செக்ஷன் மட்டும் மாறிப் பதவியும் பணமும் அப்படியே இருந்தால் ஆறு மாதத்தில் பேசிக்கொள்ளலாம் என்ற வார்த்தையையாவது வாங்கி வைக்கட்டும்.

இந்த ஒரு மாதத்தில் வீட்டில் பழகுவதற்கு எலும்பெல்லாம் வேண்டாம். வெண்ணெய் சாஸ் ஒன்று போதும்: சின்ன வெங்காயம், வெள்ளை ஒயின், வினிகர், மூன்றையும் ஏறக்குறைய வற்ற விட்டு, 200 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்ப்பது. பிரான்ஸில் நாந்த் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு சமையல்காரம்மா பேர்னேஸுக்கு மஞ்சள்கரு போட மறந்து இது பிறந்தது என்று கதை சொல்வார்கள், கதை எப்படியோ, முட்டையின் உதவி இல்லாமல் வெண்ணெயைக் கட்டிப் பிடிப்பதால் கைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. வேண்டுமென்றே ஒரு தடவை கொதிக்க விட்டுத் திரிய வைக்கட்டும், திரிவதற்குச் சற்று முன் ஓரத்தில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு தெரியும், அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் சர்வீஸில் அந்தக் கோட்டிலேயே வாணலியை இழுத்துவிடுவான்.

முதல் நாள் பழைய ஆள் கூட நின்றால் அவரிடம் ஜூ எந்த அளவுக்குச் சுண்டுகிறார் என்று கேட்க வேண்டாம், பாத்திரத்தின் உட்புறம் எந்த ரிவெட் (கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஆணி) வரை இறங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளட்டும். சொந்தமாக ஆறு ஸ்பூன், ஒரு மார்க்கர், ஒரு சின்ன நோட்டு. அப்புறம் வீடியோ காலில் அவன் கையில் குறுக்கே கோடு கோடாகத் தழும்பு தெரிந்தால் பயந்துவிடாதீர்கள், எலும்புத் தட்டை வெளியே இழுக்கும்போது அடுப்புக் கம்பி படுகிற இடம் அது. என் இடது கையில் மூன்று இருக்கிறது.